57 சென்ட் சுவிட்ச்... 124 உயிர்கள்! புது கார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய 'ரீகால்' கதை

புது கார் வீட்டுக்கு வரும் நாள் ஒரு குட்டித் திருவிழா. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முதல் ஓட்டம் கோயிலுக்கு! சீட்டின் மேலிருக்கும் பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்க மனசு வராது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் ஒருநாள் கம்பெனியிலிருந்து செல்போனுக்குச் செய்தி வருகிறது. 'உங்கள் வாகனத்தில் ஒரு பாகத்தைப் பரிசோதிக்க வேண்டியுள்ளது. அருகிலுள்ள சர்வீஸ் சென்டரைத் தொடர்புகொள்ளவும். கட்டணம் கிடையாது.'

'லட்சக்கணக்குல கொட்டி வாங்கினோம், அதுக்குள்ள கோளாறா?' என்று கோபம் வரும். இல்லாவிட்டால், 'வண்டி நல்லாத்தானே ஓடுது, அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்' என்று அலட்சியம் வரும். வழக்கமாக இந்த இரண்டில் ஒன்றுதான் நம் எதிர்வினை.

இரண்டுமே தப்பு. அந்தச் செய்தி வருவது நல்ல விஷயம். வர வேண்டிய நேரத்தில் அது வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, கார்கள் கொழிக்கும் அமெரிக்காவிலேயே ஒரு கதை இருக்கிறது. பத்து ஆண்டுகள் நீண்ட கதை.

முழங்கால் பட்டால் நின்றுவிடும் கார்!

2004-ம் ஆண்டின் பிற்பகுதியில், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'செவர்லே கோபால்ட்' என்ற சிறிய காரை அறிமுகப்படுத்தியது. விலை குறைவு. முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களும், கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்குக் கார் வாங்கித்தரும் பெற்றோர்களும் விரும்பி வாங்கினார்கள்.

அறிமுக நாள்களிலேயே ஒரு புகார் கிளம்பியது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது முழங்கால் தற்செயலாகச் சாவிக்கொத்தில் இடித்தால் போதும், சாவி தானாகத் திரும்பி இன்ஜின் அணைந்துவிடுகிறது! காரை ஓட்டிப் பார்த்து விமர்சனம் எழுதிய பத்திரிகையாளர்களும் 2005-ல் இதை எழுதினார்கள். வாங்கியவர்கள் டீலர்களிடம் போய் முறையிட்டார்கள்.

காரணம் மிகச் சின்னது. சாவியைத் திருப்பும்போது 'டக்' என்று ஓரிடத்தில் போய் உட்காருகிறது அல்லவா... அப்படி உட்கார வைப்பது சுவிட்சுக்குள் இருக்கும் ஒரு சிறிய ஸ்பிரிங்கும், அது தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு குட்டி உலக்கை போன்ற பாகமும்தான். கோபால்ட் காரில் பொருத்திய சுவிட்சில் இந்தப் பிடிப்பு, ஜெனரல் மோட்டார்ஸ் தானே நிர்ணயித்த அளவைவிட மிகவும் குறைவாக இருந்தது. அளவு குறைவு என்று தெரிந்தேதான் 2002-ல் அந்த சுவிட்சுக்கு அனுமதி தரப்பட்டது. அதை வடிவமைத்த பொறியாளரே, தொல்லை தாங்காமல் ஒரு மின்னஞ்சலில் அதை 'நரகத்திலிருந்து வந்த சுவிட்ச்' என்று சலித்துக்கொண்டிருக்கிறார்.

பிடிப்பு குறைவான சுவிட்சில் நாலைந்து சாவிகள் கொண்ட கனமான கொத்து தொங்கினால்? மேடுபள்ளத்தில் கார் குலுங்கினால்? சாவி 'ஆன்' நிலையிலிருந்து வழுக்கி, அதற்கு முந்தைய நிலைக்கு வந்துவிடும். ரேடியோ பாடும். ஆனால், இன்ஜின் ஓடாது.

நிறுவனத்துக்குள் பேச்சு நடந்தது. 2005-ல் மாற்றுவழிகளும் ஆராயப்பட்டன. ஆனால், செலவும் காலமும் அதிகம் பிடிக்கும், வணிக ரீதியாக ஏற்றதல்ல என்று கோப்பு மூடப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. அதன் சாரம், 'புகார் சொல்லி வருபவர்களிடம், சாவிக்கொத்தில் இருக்கும் தேவையில்லாத கனமான பொருள்களை எடுத்துவிடச் சொல்லுங்கள்' என்பதுதான்!

அணைந்தது இன்ஜின் மட்டுமல்ல

இங்கேதான் அந்த நிறுவனம் மிகப் பெரிய தவறைச் செய்தது. இந்தக் கோளாறை 'வாடிக்கையாளரின் வசதி' சம்பந்தப்பட்ட விஷயம் என்று வகைப்படுத்தியது. கார் நின்றுபோனால் ஓரங்கட்டி, மறுபடி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம், இதில் உயிருக்கு என்ன ஆபத்து என்பது அவர்கள் வாதம்.

ஆனால், நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இன்ஜின் அணைந்தால், ஸ்டீயரிங் திருப்ப உதவும் பவர் போய்விடும். ஸ்டீயரிங் பாறாங்கல்போல் கனக்கும். பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் சீக்கிரமே தீர்ந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், சாவி அந்த நிலைக்கு வந்ததும் ஏர்பேக்கை இயக்கும் கருவிக்கும் மின்சாரம் நின்றுபோகும். கட்டுப்பாடு இழந்து கார் மோதும்போது, காப்பாற்ற வேண்டிய ஏர்பேக் விரியாது.

விபத்துக்குக் காரணமான அதே சுவிட்ச், விபத்தில் தப்பிக்கும் வழியையும் அடைத்துவிட்டது. இந்தச் சங்கிலியை அந்த நிறுவனத்தில் பல ஆண்டுகள் யாரும் கோத்துப் பார்க்கவில்லை. சுவிட்ச் ஒரு பிரிவின் கையில், ஏர்பேக் இன்னொரு பிரிவின் கையில், வழக்குகள் வக்கீல்களின் கையில் என்று தனித்தனிக் கோப்புகளாகக் கிடந்தன.

2005 ஜூலையில் மேரிலாண்ட் மாநிலத்தில் 16 வயதுப் பெண் ஒருவர் கோபால்ட் காரில் விபத்துக்குள்ளாகி இறந்தார். ஏர்பேக் விரியவில்லை. 2006 அக்டோபரில் விஸ்கான்சின் மாநிலத்தில் இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள். அங்கும் ஏர்பேக் விரியவில்லை. அந்த விபத்தை விசாரித்த மாநிலக் காவலர் ஒருவர், சாவி 'ஆன்' நிலையில் இல்லை என்பதைக் கவனித்தார். தேடிப் பார்த்து, டீலர்களுக்குப் போன சுற்றறிக்கையையும் கண்டுபிடித்தார். 'சாவி திரும்பியதால்தான் ஏர்பேக் விரியவில்லை' என்று 2007-லேயே தன் அறிக்கையில் எழுதிவிட்டார். நிறுவனத்தின் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் தேடிய விடையை ஒரு போலீஸ்காரர் ஒரே விபத்தில் பிடித்துவிட்டார். அந்த அறிக்கை நிறுவனத்தின் கோப்புகளுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால், கவனிப்பாரில்லை.

அரசாங்கம் என்ன செய்தது? அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்புக்கும் மக்கள் புகார் அனுப்பியபடிதான் இருந்தார்கள். ஓடும்போதே திடீரென அணையும் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பற்றி 11 ஆண்டுகளில் 260-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்ததாக 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் பின்னர் கணக்கெடுத்து எழுதியது. ஏர்பேக் விரியாதது பற்றி விசாரணை தொடங்கலாம் என்று அந்த அமைப்பின் அதிகாரி ஒருவரே 2007-ல் பரிந்துரைத்தார். 'போதிய முகாந்திரம் இல்லை' என்று அதுவும் கைவிடப்பட்டது.

பிறந்தநாளில் நின்றுபோன பயணம்

2010 மார்ச். ஜார்ஜியா மாநிலத்தில், மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்த இளம்பெண் ஒருவர். அவரிடம் 2005-ம் ஆண்டு மாடல் கோபால்ட் கார். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அது அணைந்துவிட, பயந்துபோய் டீலரிடம் கொண்டுபோய்விட்டார். அவர்கள் எரிபொருள் செலுத்தும் பாகத்தைச் சுத்தம் செய்து, 'சரியாகிவிட்டது' என்று திருப்பிக் கொடுத்தார்கள். சுவிட்சை யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 10. அவருடைய 29-வது பிறந்தநாள். அன்று மாலை ஈரமான சாலையில் போய்க்கொண்டிருந்த கார் கட்டுப்பாட்டை இழந்து எதிர்ப்பக்கம் போக, எதிரில் வந்த வாகனம் மோதியது. அவர் உயிரிழந்தார். மழைச்சாலையில் வேகமாக ஓட்டியதால் நேர்ந்த விபத்து என்றே முதலில் கருதப்பட்டது.

பெற்றோரால் அதை ஏற்க முடியவில்லை. 'எங்கள் பெண் நிதானமாக ஓட்டுபவள். சில நாள்களுக்கு முன்புதான் வண்டி நின்றுபோகிறது என்று சொன்னாள்.' அவர்கள் ஒரு வழக்கறிஞரைத் தேடிப் போனார்கள். காரில் இருந்த தகவல் பதிவுக் கருவியைப் பரிசோதித்தபோது, மோதலுக்குச் சில விநாடிகள் முன்பே சாவி 'ஆன்' நிலையிலிருந்து விலகியிருந்தது தெரிந்தது.

ஸ்பிரிங் சொன்ன உண்மை

வழக்குக்காக ஒரு தனியார் பொறியாளர் அந்த சுவிட்சை ஆராய்ந்தார். எளிதாகத் திரும்பியது உண்மை. ஆனால், ஏன்? ஒப்பிட்டுப் பார்க்கக் கடையில் புதிதாக ஒரு சுவிட்ச் வாங்கினார். அதே பாகம், அதே எண். ஆனால், புதியது இறுக்கமாக இருந்தது! பழைய கார் பாகங்கள் விற்கும் இடங்களில் தேடி, மேலும் பல சுவிட்சுகளை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். புதிய சுவிட்சுகளில் ஸ்பிரிங்கும் அந்த உலக்கைப் பாகமும் பழையதைவிட நீளம்!

அதாவது, 2006-லேயே யாரோ சத்தமில்லாமல் சுவிட்சைச் சரிசெய்துவிட்டார்கள். சரிசெய்தவர்கள், பாகத்தின் எண்ணை மட்டும் மாற்றவில்லை. கார் தொழிலில் இது எழுதப்படாத பெரும்பாவம். ஒரு பாகத்தில் மாற்றம் செய்தால் புதிய எண் தர வேண்டும். அப்போதுதான் எந்தக் காரில் பழையது, எந்தக் காரில் புதியது என்று கண்டுபிடிக்க முடியும். எண் மாறாததால், 'புதிய மாடல்களில் மட்டும் ஏன் இந்தப் பிரச்னை குறைந்தது?' என்று ஜெனரல் மோட்டார்ஸின் சொந்தப் பொறியாளர்களே ஆண்டுக்கணக்கில் குழம்பிக்கொண்டிருந்தார்கள்.

2013 ஏப்ரலில், சுவிட்சை வடிவமைத்த பொறியாளரிடம் வழக்கறிஞர் இதைக் காட்டிக் கேட்டார். அப்படியொரு மாற்றத்துக்குத் தான் அனுமதி தரவில்லை என்றார் அவர். பின்னர் கிடைத்த ஆவணத்தில், 2006 ஏப்ரலில் அனுமதி தந்த கையெழுத்து அவருடையதாகவே இருந்தது.

ஒரு குடும்பம் 'போனது போகட்டும்' என்று விட்டிருந்தால், இந்த உண்மை வெளியே வராமலே போயிருக்கலாம்.

சொல்லக் கூடாத வார்த்தைகள்

2014 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸின் தலைமைப் பொறுப்புக்கு மேரி பாரா வந்தார். பெரிய கார் நிறுவனம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண் என்று உலகமே அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். பதவியேற்ற இரண்டே வாரங்களில் மேசைக்கு வந்தது இந்த சுவிட்ச். பிப்ரவரியில் ரீகால் அறிவிப்பு வெளியானது. முதலில் சில லட்சம் கார்கள் என்றார்கள். அடுத்த சில வாரங்களில் எண்ணிக்கை 26 லட்சமாக வளர்ந்தது. கோபால்ட் மட்டுமன்றி, அதே சுவிட்ச் பொருத்திய வேறு சில மாடல்களும் பட்டியலில் சேர்ந்தன.

ஏப்ரல் 1-ம் தேதி அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு மேரி பாரா ஆஜரானார். இறந்தவர்களின் புகைப்படங்களோடு குடும்பங்கள் வந்திருந்தன. சுவிட்சைச் சரிசெய்ய ஒரு காருக்கு ஆகக்கூடிய பாகத்தின் விலை 57 சென்ட் என்று அந்த விசாரணையில் பேசப்பட்டது. அன்றைய நம்மூர் மதிப்பில் சுமார் 35 ரூபாய்!

நிறுவனமே நியமித்த முன்னாள் அரசு வழக்கறிஞர் ஆன்டன் வலுகாஸ், 2014 ஜூனில் தன் விசாரணை அறிக்கையைக் கொடுத்தார். அதில் சதித்திட்டத்தைவிடப் பயமுறுத்தும் ஒரு விஷயம் இருந்தது. எல்லா அலுவலகங்களிலும் காணக் கிடைக்கும் பொறுப்பின்மை! கூட்டத்தில் எல்லோரும் ஒரு முடிவுக்குத் தலையாட்டுவார்கள், வெளியே வந்ததும் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். அதற்கு உள்ளுக்குள் 'ஜி.எம். தலையாட்டல்' என்றே பெயர். கைகளைக் கட்டிக்கொண்டு இருபுறமும் விரல் நீட்டி, 'என் பொறுப்பில்லை, அவர் பொறுப்பு' என்று காட்டுவதற்கு 'ஜி.எம். சல்யூட்' என்று பெயர்.

இன்னொரு விஷயமும் வெளிவந்தது. 2008-ல் ஊழியர்களுக்குக் கொடுத்த பயிற்சியில், அறிக்கைகளில் எழுதக் கூடாத 69 சொற்களின் பட்டியல் இருந்தது. 'குறைபாடு' என்று எழுதக் கூடாது, 'வடிவமைத்தபடி செயல்படவில்லை' என்று எழுத வேண்டும். 'பிரச்னை' என்று சொல்லக் கூடாது, 'விஷயம்' அல்லது 'நிலை' என்று சொல்ல வேண்டும். ஆபத்தை ஆபத்து என்று எழுத முடியாத இடத்தில், படிப்பவருக்கு அவசரம் எப்படிப் புரியும்?

15 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். பாதுகாப்பு அமைப்பு, அப்போது சட்டம் அனுமதித்த அதிகபட்ச அபராதமான 3.5 கோடி டாலரை விதித்தது. கிரிமினல் நடவடிக்கையை முடித்துக்கொள்ள 2015-ல் மேலும் 90 கோடி டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. வழக்கறிஞர் கென்னத் ஃபைன்பெர்க் தலைமையில் இழப்பீட்டு நிதி அமைக்கப்பட்டது. ஆரம்பத்தில் 13 மரணங்கள் என்று சொல்லிவந்தது நிறுவனம். விண்ணப்பங்களை ஆராய்ந்து அந்த நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124, காயமடைந்தவர்கள் 275 பேர்.

நம்ம ஊரில் என்ன நிலைமை?

இந்தியாவில் வெகுகாலம் ரீகால் என்பது நிறுவனத்தின் விருப்பமாகவே இருந்தது. இந்திய வாகன உற்பத்தியாளர்கள் சங்கம் 2012 ஜூலையில் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. குறை தெரிந்தால் நிறுவனங்கள் தாங்களாகவே முன்வந்து அறிவித்து, இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்பது அதன் சாரம். மறுத்தால் தண்டிக்கச் சட்டம் இல்லை.

அந்தக் காலத்திலும் பெரிய ரீகால்கள் நடந்தன. சென்னையை அடுத்த மறைமலை நகர் தொழிற்சாலையில் உருவான ஃபோர்டு ஃபிகோ, கிளாசிக் கார்களில் 1,66,021 வண்டிகள், பின்பக்க அச்சுப் பகுதியையும் பவர் ஸ்டீயரிங் குழாயையும் பரிசோதிப்பதற்காக 2013-ல் திரும்ப அழைக்கப்பட்டன. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக் பிரச்னை உலகையே உலுக்கியபோது, இந்தியாவிலும் ஹோண்டா உள்ளிட்ட நிறுவனங்கள் கார்களை அழைத்துப் பாகத்தை மாற்றித்தந்தன. உலகம் முழுக்க சுமார் 10 கோடி ஏர்பேக் பாகங்கள் மாற்றப்பட வேண்டியிருந்த விவகாரம் அது. ஏர்பேக்கை விரியவைக்கும் ரசாயனம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்து கெட்டுப்போய், விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. வெயிலும் ஈரக்காற்றும் ஓயாத நம் கடலோர ஊர்களுக்கு இது ரொம்பவே பொருந்தும் எச்சரிக்கை.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தம் வந்தது. புதிதாகச் சேர்ந்த 110ஏ பிரிவுப்படி, ஒரு வகை வாகனத்தில் இருக்கும் குறை சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநருக்கோ, பயணிப்பவர்களுக்கோ, சாலையில் போகும் மற்றவர்களுக்கோ தீங்கு செய்யக்கூடும் என்றால், அந்த வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி நிறுவனத்துக்கு மத்திய அரசே உத்தரவிடலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். கட்டாய ரீகால் என்று வந்துவிட்டால், நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தானாக முன்வந்து குறையைச் சொல்லும் நிறுவனத்துக்கு இந்த அபராதம் கிடையாது.

இந்தச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் ஒன்று உண்டு. கட்டாய ரீகாலுக்கான வழிகளில் ஒன்று, குறிப்பிட்ட விகிதத்திலான உரிமையாளர்கள் அரசிடம் புகார் செய்வது. அதாவது, நாம் பதிவு செய்யும் ஒவ்வொரு புகாரும் கணக்கில் சேர்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் புலம்புவது சேராது!

சட்டம் வந்த பிறகு நிறுவனங்கள் தாங்களாக அறிவிக்கும் ரீகால்கள் சகஜமாகிவிட்டன. 2021 செப்டம்பரில் மாருதி சுஸுகி, சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்.எல்.6 மாடல்களில் 1,81,754 பெட்ரோல் கார்களை அழைத்தது. 2023 ஆகஸ்ட்டில் மஹிந்திரா, ஒயரிங் பரிசோதனைக்காக 1,08,306 எக்ஸ்.யு.வி.700 கார்களை அழைத்தது. ரீகால் வந்த கார் மோசமான கார் என்று அர்த்தமில்லை. குறையைக் கண்டுபிடித்து, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை தயாரான வண்டிகளில் அது இருக்கிறது என்று கணக்கெடுத்து, உரிமையாளரைத் தேடி வருகிறார்கள் என்றே அர்த்தம்.

ஏர்பேக் விரியவில்லை... நீதிமன்றம் என்ன சொன்னது?

டெல்லிக்காரர் ஒருவர் 2015-ல் ஹூண்டாய் க்ரெட்டா வாங்கினார். 2017 நவம்பரில் டெல்லி - பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து. தலை, நெஞ்சு, பல் என்று பலத்த காயம். ஏர்பேக் விரியவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். முன்பக்கத்தில் போதுமான விசையுடன் மோதினால்தான் ஏர்பேக் விரியும் என்று நிறுவனம் வாதாடியது. டெல்லி மாநில ஆணையம் இழப்பீடு கொடுக்கவும், காரையே மாற்றித்தரவும் உத்தரவிட்டது. தேசிய ஆணையம் அதை உறுதிசெய்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்க, கார் வாங்குபவர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் கருத்து. ஏர்பேக் இருக்கிறது என்று சொல்லி விற்றால், முன்பக்க மோதலில் அது காப்பாற்றும் என்று சாதாரண மனிதர் நம்புவது நியாயமே என்று சொன்னது நீதிமன்றம்.

உங்கள் கார் ரீகால் பட்டியலில் இருக்கிறதா? இதைச் செய்யுங்கள்!

1. ஆர்.சி.யில் இருக்கும் 17 இலக்க சேஸிஸ் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கார் நிறுவனங்களின் இணையதளத்தில் ரீகால் பகுதி இருக்கும். அதில் இந்த எண்ணைக் கொடுத்தால் உங்கள் வண்டி பட்டியலில் உண்டா என்று தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

2. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். நிறுவனத்தின் செய்தி, பழைய உரிமையாளரின் போன் எண்ணுக்குத்தான் போகும். சர்வீஸ் சென்டரில் உங்கள் பெயர், எண், முகவரியை மாற்றிப் பதியுங்கள். ரீகால் என்பது வண்டிக்கானது. யார் கையில் இருந்தாலும் இலவசமாகச் செய்துதர வேண்டும்.

3. ரீகால் வேலைக்குப் பாகத்துக்கோ கூலிக்கோ பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும், எந்த ரீகாலுக்காக எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். காரை விற்கும்போதும் அது உதவும்.

4. சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டை ஒருமுறை படித்துப் பாருங்கள். 'ஓடும்போதே இன்ஜின் அணைகிறது' என்று நீங்கள் சொன்னதை 'ஜெனரல் செக்கப்' என்று எழுதிவிடுவார்கள். நீங்கள் சொன்னது அப்படியே எழுதப்பட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்பதும் இருக்கட்டும். ஒரு நகலை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. சாவி போட்டதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். தொடர்ந்து எரிந்தால் ஏர்பேக் அமைப்பில் கோளாறு. நீண்ட பயணத்தைத் தள்ளிப்போட்டு, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

6. சாவி போட்டுத் திருப்பும் வகைக் கார் என்றால், வீட்டுச் சாவி, பீரோ சாவி, பெரிய கீ-செயின் எல்லாவற்றையும் அதிலேயே தொங்கவிடாதீர்கள்.

7. ஓடும்போது இன்ஜின் அணைந்தால் பதறாதீர்கள். ஸ்டீயரிங் கனக்கும், ஆனால் திரும்பும். இரண்டு கையாலும் பலமாகப் பிடியுங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தி மிதியுங்கள். நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டு ஓரங்கட்டுங்கள். வண்டி முழுவதும் நிற்கும்வரை சாவியை உருவக் கூடாது. உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

8. டீலர் கேட்கவில்லையென்றால், நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கேயே வழக்கு போடலாம். பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் ஏற்படும் பாதிப்புக்குத் தயாரிப்பாளரையே பொறுப்பாக்குகிறது.

அந்த ஜார்ஜியா பெண், தன் கார் ஓடும்போது அணைகிறது என்று சரியாகவே சொன்னார். சரியான இடத்துக்கும் கொண்டுபோனார். அவர் பேச்சைக் கேட்டவர்கள்தான் வேறெதையோ சரிசெய்து அனுப்பினார்கள். அவருக்கு நான்கு ஆண்டுகள் கழித்து வந்த அந்த ரீகால் செய்தி, இன்று நம் போனுக்கு உரிய நேரத்தில் வருகிறது.

வந்தால், தள்ளிப்போடாதீர்கள். அன்றே ஒரு போன் செய்து, நாள் குறித்துவிடுங்கள்.